பாக்கி எவ்வளவு? – டிப்ளமோவுக்குப் பின் கணக்கியல் மேற்படிப்பு



மலருக்குக் கட்டுரை கேட்டபோது எங்கள் துறைத் தலைவர் சொன்னது ஒன்றுதான். "உனக்குத் தெரிஞ்சதை எழுதும்மா. தெரியாததை எழுதி மாட்டிக்காதே." எனக்குத் தெரிந்தது இரண்டு. ஒன்று டைப்ரைட்டிங், இன்னொன்று கணக்கு. டைப்ரைட்டிங் பற்றி எழுதினால் யாரும் படிக்க மாட்டீர்கள். ஆகவே கணக்கு.

"இது எம்.ஓ.பி. பிரிவுக்கான கட்டுரை, நமக்கு எதற்கு?" என்று மெக்கானிக்கல், சிவில் நண்பர்கள் பக்கத்தைத் திருப்ப வேண்டாம். நாளைக்கு நீங்கள் லேத் பட்டறை வைத்தாலும், கட்டட கான்ட்ராக்ட் எடுத்தாலும் முதலில் உங்களைத் தேடி வருவது கணக்குதான். டிப்ளமோ முடித்தால் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேராகச் சேரலாம் என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். டிப்ளமோ படித்தவர்கள் கணக்கியலிலும் எம்.காம். வரை, சி.ஏ. வரை போகலாம் என்பது எங்கள் வகுப்பிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. எனக்கும் போன வருடம் வரை தெரியாது.

கூலி நோட்டு

எங்கள் ஊர் குமாரபாளையம் பக்கம். அப்பா விசைத்தறி ஓட்டுகிறார். அம்மா நூல் சுற்றும் வேலை. அப்பா ஐந்தாவது வரை, அம்மா அதுவும் இல்லை. எங்கள் வகையறாவில் பத்தாவதைத் தாண்டி அடுத்த படியில் கால் வைத்த முதல் ஆள் நான்.

தறிப்பட்டறையில் வேலைக்குச் சேரும்போது முதலாளியிடம் முன்பணம் வாங்குவது எங்கள் பக்கம் வழக்கம். அதற்குப் பெயரே 'பாக்கி'தான். வாரா வாரம் கூலியில் கொஞ்சம் பிடித்துக்கொள்வார்கள். பாக்கி தீரும் வரை வேறு பட்டறைக்குப் போக முடியாது. போக வேண்டுமென்றால் புது முதலாளி பழைய பாக்கியைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்வார். ஆள் மாறுவார், பாக்கி மாறாது.

இரண்டாம் ஆண்டு விடுமுறையில் அப்பாவின் கூலி நோட்டை எடுத்துப் பார்த்தேன். சும்மா, படித்ததைப் போட்டுப் பார்க்கலாமே என்றுதான். ஒரு வருடக் கணக்கு, நான்கு பக்கம். அதில் இருந்தது இதுதான்:

முதல் பக்கம்: பாக்கி 50,000. பன்னிரண்டு வாரப் பிடித்தம், வாரம் 300 வீதம் 3,600. மீதி 46,400.
இரண்டாம் பக்கம்: பாக்கி 46,400. பதிமூன்று வாரப் பிடித்தம் 3,900. மீதி எழுதவில்லை.
மூன்றாம் பக்கம்: பாக்கி 46,400. தீபாவளிக்கு வாங்கியது 5,000. பதினொரு வாரப் பிடித்தம் 3,300. மீதி 48,100.
நான்காம் பக்கம்: பாக்கி 48,100. அம்மா ஆஸ்பத்திரிச் செலவுக்கு வாங்கியது 3,000. பதிமூன்று வாரப் பிடித்தம் 3,900. மீதி 47,200.

நண்பர்களே, இங்கே கொஞ்சம் நிறுத்தி நீங்களே கண்டுபிடித்துப் பாருங்கள்.

இரண்டாம் பக்கத்தின் மீதி 42,500. அதைத்தான் மூன்றாம் பக்கத்தின் தலையில் எழுதியிருக்க வேண்டும். அதற்குப் பதில் இரண்டாம் பக்கத்தின் தலையில் இருந்த 46,400-ஐயே மறுபடி எழுதிவிட்டார்கள். இருப்பைக் கீழே இறக்காமல் விட்டதால் பதிமூன்று வாரம் பிடித்த பணம் காற்றில் போய்விட்டது. சரியான பாக்கி 43,300. நோட்டில் இருந்தது 47,200. வித்தியாசம் 3,900 ரூபாய்.

அப்பாவிடம் சொன்னேன். நம்பவில்லை. "என்ன கண்ணு சொல்ற? அவிய எழுதுனது தப்பா இருக்குமா?" என்றார். நான்கு பக்கத்தையும் தனித்தாளில் எழுதி, கூட்டிக் கழித்துக் காட்டி, கையில் கொடுத்து அனுப்பினேன். பட்டறைக் கணக்குப்பிள்ளை இரண்டு தடவை கூட்டிப் பார்த்துவிட்டு, "அட, பக்கம் திருப்பறப்ப உட்டுப்போச்சு போலிருக்குதுங்க" என்று அடித்துத் திருத்திக் கொடுத்துவிட்டார். அவர் வேண்டுமென்றே செய்தார் என்று நான் சொல்ல வரவில்லை. தவறுதலாகத்தான் இருக்கும். ஆனால் அந்தத் தவறு ஒரு வருடம் யார் கண்ணிலும் படாமல் உட்கார்ந்திருந்தது. நான் நோட்டை எடுக்காவிட்டால் இன்னும் உட்கார்ந்திருக்கும்.

"ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்பார்கள். எங்கள் வீட்டில் போடுகிறவர் ஒருவர், அளக்கிறவர் வேறொருவர். அதுதான் சிக்கல்.

ஏன் தானாக வெளியே வரவில்லை?

இங்கேதான் பாடம் ஆரம்பிக்கிறது. கூலி நோட்டு ஒற்றைப்பதிவு. ஒரு பக்கம்தான் எழுதுகிறோம். ஆகவே தவறைக் காட்டிக்கொடுக்க எதிரே ஆள் இல்லை. இரட்டைப்பதிவு முறையில் ஒவ்வொரு பற்றுக்கும் சமமான வரவு உண்டு. ஒரு கணக்கின் இருப்பைத் தப்பாக இறக்கினால் இருப்பாய்வின் இரண்டு பக்கமும் சேராது, உடனே தெரிந்துவிடும். இந்த முறையை 1494-ல் வெனிஸ் நகரில் அச்சான தன் கணித நூலில் விளக்கி எழுதியவர் லூகா பேசியோலி என்ற துறவி. அவர் கண்டுபிடிக்கவில்லை. வெனிஸ் வியாபாரிகள் ஏற்கெனவே எழுதிக்கொண்டிருந்ததை ஒழுங்காகப் பாடமாக்கினார். ஐந்நூறு வருடம் தாண்டியும் நாம் லேபில் டேலியில் தட்டுவது அதே பற்று வரவுதான்.

சரி, இருப்பாய்வு சேர்ந்துவிட்டால் கணக்கு உண்மை என்று ஆகிவிடுமா? ஆகாது. ஒரு நடவடிக்கையை அடியோடு எழுதாமல் விட்டால் இருப்பாய்வு சேரும். தப்பான கணக்குத் தலைப்பில் எழுதினாலும் சேரும். இல்லாத பணத்தை இருப்பதாக இரண்டு பக்கமும் எழுதினாலும் சேரும்.

கடைசியில் சொன்னதற்கு நம் நாட்டிலேயே பெரிய உதாரணம் சத்யம் கம்ப்யூட்டர்ஸ். 2009 ஜனவரி 7-ஆம் தேதி அதன் தலைவர் ராமலிங்க ராஜு இயக்குநர் குழுவுக்கு எழுதிய கடிதத்தில், புத்தகத்தில் காட்டிய ரொக்கம் மற்றும் வங்கி இருப்பு 5,361 கோடி ரூபாயில் 5,040 கோடி இல்லவே இல்லை என்று ஒப்புக்கொண்டார். அத்தனை வருடமும் அந்த நிறுவனத்தின் ஐந்தொகை இரண்டு பக்கமும் சேர்ந்துதான் இருந்தது. தணிக்கையாளர் கையெழுத்தும் இருந்தது. அதன் பிறகுதான் 2013 கம்பெனிச் சட்டத்தில் தணிக்கையாளரைச் சுழற்சி முறையில் மாற்றும் விதி வந்தது. 2018 அக்டோபரில் தேசிய நிதி அறிக்கை ஆணையமும் வந்தது.

ஆக, கணக்கு சேர்வது வேறு, கணக்கு உண்மையாக இருப்பது வேறு. முதலாவதை டிப்ளமோவில் நன்றாகவே சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். இரண்டாவதைக் கற்றுக்கொள்ளத்தான் மேற்படிப்பு என்பது என் கருத்து.

ஒரே பதிவு, மூன்று வகுப்பு

மேற்படிப்பு என்றால் பாடம் கூடும், புத்தகம் தடிக்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஒரு உதாரணம் சொல்கிறேன், வித்தியாசம் புரியும்.

ஒரு மில் முதலாளி தன் தொழிலாளர்களுக்குப் புது மெஷினில் பயிற்சி கொடுக்க ஒரு லட்சம் ரூபாய் செலவு செய்கிறார். இதை எப்படி எழுதுவது?

டிப்ளமோ வகுப்பில்: பயிற்சிச் செலவுக் கணக்கு பற்று, வங்கிக் கணக்கு வரவு. ஆண்டு முடிவில் இலாப நட்டக் கணக்குக்கு மாற்று. முடிந்தது. ஐந்து மார்க்.

பி.காம். வகுப்பில் ஒரு கேள்வி வரும். அந்தப் பயிற்சியின் பயன் பல வருடம் வரப்போகிறதே? பல வருடம் பயன் தரும் செலவு மூலதனச் செலவு, அந்த வருடத்தோடு பயன் முடிந்துபோவது வருவாயினச் செலவு என்று படித்தோமே? அப்படியானால் மெஷினைச் சொத்தாகக் காட்டுகிற முதலாளி, மெஷினை ஓட்டும் திறமையை ஏன் சொத்தாகக் காட்டக்கூடாது?

எம்.காம். வகுப்பில் அந்தக் கேள்விக்குப் பதிலைத் தேட வேண்டும். கணக்கீட்டுத் தரநிலை 26 புலனாகாச் சொத்துக்களைப் பற்றியது. பெரிய கம்பெனிகளுக்கு இந்த் ஏ.எஸ். 38. ஒன்றைச் சொத்து என்று காட்ட வேண்டுமானால் அது தனித்து அடையாளம் காணக்கூடியதாக இருக்க வேண்டும், எதிர்காலத்தில் பயன் தர வேண்டும், முக்கியமாக அது நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். தொழிலாளியின் திறமை நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் இல்லை. அவர் நாளைக்கே வேலையை விட்டுப் போனால் திறமையும் கூடவே போய்விடும். அதனால் பயிற்சிக்குச் செய்த செலவு சொத்து ஆகாது, செலவுதான்.

இதை ஒப்புக்கொள்ளாதவர்களும் உண்டு. 1971-ல் லெவ், ஸ்வார்ட்ஸ் என்ற இருவர், ஒரு தொழிலாளி ஓய்வு பெறும் வரை சம்பாதிக்கப்போவதை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து மனித வளத்துக்கு ஒரு தொகை போடலாம் என்று ஒரு முறை சொன்னார்கள். நம் நாட்டில் இன்போசிஸ் நிறுவனம் அந்த முறையில் கணக்கிட்டுப் பல வருடம் தன் ஆண்டறிக்கையில் கூடுதல் தகவலாக வெளியிட்டது. சரியா தப்பா என்று வாதாடலாம். அந்த வாதம்தான் எம்.காம்.

டிப்ளமோ "எப்படி எழுதுவது?" என்று கேட்கிறது. பட்டப்படிப்பு "ஏன் அப்படி எழுதுவது?" என்று கேட்கிறது. முதுகலை "அந்த விதி யாருக்காக? அது சரியா?" என்று கேட்கிறது. கூலி நோட்டைப் பார்த்த பிறகு எனக்கு மூன்றாவது கேள்விமேல்தான் ஆசை.

போகும் வழிகள்

ஆசை மட்டும் போதாது, வழி தெரிய வேண்டும். நான் விசாரித்து, அறிவிப்புகளைப் படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

1. பி.காம்.: கணக்கியல் சம்பந்தப்பட்ட டிப்ளமோ முடித்தவர்களை பி.காம். இரண்டாம் ஆண்டில் நேராகச் சேர்க்கும் இடங்கள் உண்டு. இது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். ஆகவே "சேர்ப்பாங்களாம்" என்று பிரண்டு சொன்னதை நம்பாமல், கல்லூரி அலுவலகத்தில் நேரில் கேட்டு விதியைப் படித்துவிட்டு விண்ணப்பம் போடுங்கள். நேராக இரண்டாம் ஆண்டு கிடைத்தால் 20 வயதில் பி.காம்., 22 வயதில் எம்.காம். +2 வழியாகப் போன நம் பள்ளித் தோழிகளும் அதே 22-ல்தான் முடிப்பார்கள். நாம் ஒரு வருடமும் இழக்கவில்லை. கையில் டிப்ளமோ கூடுதல்.

2. எம்.காம்.: இரண்டு வருடம், நான்கு செமஸ்டர். மேல்நிலை நிறுமக் கணக்கியல், அடக்கவிலை, வரி, ஆராய்ச்சி முறைகள், கடைசியில் ஒரு புராஜெக்ட். கல்லூரியில் உதவிப் பேராசிரியர் ஆக எம்.காம். முடித்து நெட் அல்லது செட் தேர்வு எழுதலாம். மேல்நிலைப் பள்ளியில் வணிகவியல் ஆசிரியர் ஆக எம்.காம்.-உடன் பி.எட். வேண்டும்.

3. சி.ஏ.: இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனம் 1949-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்தது. கம்பெனிகளின் சட்டப்படியான தணிக்கையில் கையெழுத்துப் போடும் உரிமை சி.ஏ.-க்கு மட்டுமே. நம் ஆட்கள் பலர் "+2-வில் நல்ல மார்க் எடுத்தவங்களுக்குத்தான் சி.ஏ." என்று நினைக்கிறார்கள். வணிகவியல் பட்டதாரி 55 சதவீதம் எடுத்திருந்தால் பவுண்டேஷன் தேர்வு எழுதாமலே இன்டர்மீடியட்டில் நேராகச் சேரலாம். மற்றப் பட்டதாரிகளுக்கு 60 சதவீதம். 2023 ஜூலையில் வந்த புதுத் திட்டத்தில் இன்டர்மீடியட்டில் ஆறு தாள், பைனலில் ஆறு தாள். ஆர்ட்டிகிள்ஷிப் என்ற நேரடிப் பயிற்சி முன்பு மூன்று வருடம், இப்போது இரண்டு வருடம். அந்தக் காலத்தில் ஊக்கத்தொகையும் உண்டு. ஒவ்வொரு தாளிலும் 40, குரூப் மொத்தத்தில் 50 சதவீதம் எடுத்தால் பாஸ். கேட்க எளிது, எடுப்பது கடினம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆர்ட்டிகிள்ஷிப் செய்துகொண்டே எம்.காம். படிக்க நினைப்பவர்கள் 112-ஆம் எண் படிவத்தில் முறைப்படி அனுமதி வாங்க வேண்டும். இதை மறந்துவிட்டுப் பின்னால் தவிக்க வேண்டாம்.

4. சி.எம்.ஏ.: 1959-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த அடக்கவிலைக் கணக்காளர் நிறுவனம் நடத்துவது. பழைய ஆட்கள் ஐ.சி.டபிள்யூ.ஏ. என்றுதான் சொல்வார்கள். ஒரு பொருள் செய்ய உண்மையில் என்ன அடக்கம் ஆகிறது என்று கண்டுபிடிக்கிற படிப்பு. தறி, மில், பவுண்டரி உள்ள நம் பக்கத்துக்கு இது ரொம்பப் பொருத்தம். ஒரு மீட்டர் துணிக்கு நூல் எவ்வளவு, கரண்ட் எவ்வளவு, கூலி எவ்வளவு என்று தெரிந்தால்தானே, கூலி ஒரு ரூபாய் ஏற்றினால் முதலாளிக்கு நட்டமா இல்லையா என்று பேச முடியும்? சங்கத்துக்காரர்களும் முதலாளிகளும் சண்டை போடும்போது நடுவில் அந்தத் தாள் ஒன்று இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நான் நினைப்பதுண்டு.

சி.ஏ., சி.எம்.ஏ. முடித்தவர்கள் கல்லூரி ஆசிரியர் பக்கம் வருவதற்கும் கதவு திறந்திருக்கிறது. 2021-ல் பல்கலைக்கழக மானியக் குழு இந்தப் படிப்புகளை நெட் தேர்வு எழுதுவதற்கு முதுகலைப் பட்டத்துக்குச் சமமாக ஏற்றுக்கொண்டது.

இரண்டு எச்சரிக்கை. ஒன்று, தபால் வழியில் சேருபவர்கள் அந்தப் படிப்புக்கு அந்த வருடம் மானியக் குழுவின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். இரண்டு, டி.என்.பி.எஸ்.சி. அறிவிப்புகளில் பத்தாவது, +2 அல்லது அதற்கு இணையானது, பிறகு பட்டம் என்ற வரிசையில் படித்திருக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். நம் டிப்ளமோ சான்றிதழையும் எல்லா செமஸ்டர் மார்க் ஷீட்டையும் பத்திரமாக வையுங்கள். "பட்டம் வாங்கியாச்சே, டிப்ளமோ எதுக்கு" என்று பரணில் போடாதீர்கள்.

என் சொந்தக் கணக்கு

இதுவரை சொன்னது எல்லோருக்கும். இனி என் கணக்கு. இதைச் சொல்லாமல் விட்டால் அறிவுரை மட்டும்தான் மிஞ்சும்.

இன்பிளான்ட் டிரெயினிங் போன ஆடிட்டர் ஆபீசில், படிப்பு முடிந்ததும் வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். மாதம் 9,000 ரூபாய். எங்கள் வீட்டுக்கு அது பெரிய தொகை. இன்னொரு பக்கம், காலேஜில் பி.காம். சேர்ந்துகொண்டு, காலையிலும் சாயங்காலமும் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக் கொடுக்கலாம். அதில் மாதம் 3,500.

வாய்ப்புச் செலவு என்று பொருளாதாரப் பாடத்தில் படித்தோம். ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது விட்டுக்கொடுக்கிற அடுத்த நல்ல வாய்ப்பின் மதிப்பு. ஏற்கெனவே செலவழித்துவிட்ட பணமும் மூன்று வருடமும் மூழ்கிய செலவு. அதை இந்த முடிவில் சேர்க்கக்கூடாது. இனி வருவதை மட்டும் பார்க்க வேண்டும். நானும் ஒரு நோட்டில் எழுதினேன். எங்கள் வீட்டில் எந்தக் கணக்கானாலும் பாக்கியில்தான் முடியும். அதனால் பாக்கி தீர எத்தனை மாதம் என்றே போட்டேன். பாக்கி 43,300. அப்பா கூலியில் பிடிப்பது மாதம் சுமார் 1,200.

வேலைக்குப் போனால்: சம்பளம் 9,000. பஸ், சாப்பாடு 2,000 போக மீதி 7,000. அப்பாவின் பிடித்தத்தோடு சேர்த்து மாதம் 8,200. பாக்கி ஆறாவது மாதம் தீரும்.

படிக்கப் போனால்: வருமானம் 3,500. பஸ், பீஸ், புத்தகம் 1,500 போக மீதி 2,000. அப்பாவின் பிடித்தத்தோடு சேர்த்து மாதம் 3,200. பாக்கி பதினான்காவது மாதம் தீரும்.

வித்தியாசம் எட்டு மாதம்.

நண்பர்களே, இந்த எட்டைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் படிப்பதால் அப்பா எட்டு மாதம் கூடுதலாக அந்தத் தறியை விட்டு அசைய முடியாது. "படிப்புதான் முக்கியம், எப்படியாவது படியுங்கள்" என்று மேடையில் எல்லோரும் சொல்கிறார்கள். அந்த 'எப்படியாவது'க்கு ஒரு விலை இருக்கிறது. பெரும்பாலும் அதைக் கொடுப்பவர் நாம் இல்லை, நம் வீட்டில் வேறு ஒருவர்.

இது தெரிந்த பிறகு மறைக்கக்கூடாது என்று தோன்றியது. மறைத்தால் அதுவும் எழுதாமல் விட்ட பதிவுதானே? சனிக்கிழமை ராத்திரி நோட்டை விரித்து இரண்டு பேருக்கும் படித்துக் காட்டினேன். அம்மா, "எட்டு மாசம்னா அடுத்த ஆடி தாண்டிப் போயிருமே" என்று விரல் விட்டு எண்ணினார். அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "இந்தக் கணக்குல தப்பு ஒண்ணும் இல்லையே? பக்கம் திருப்பறப்ப எதுவும் உட்டுப்போகலையே?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப சரி சாமி. எட்டு மாசம்னு தெரிஞ்சுபோச்சுல்ல. இத்தனை வருசமா எத்தனை மாசம்னே தெரியாமத்தான ஓட்டுனேன்? நீ போய்ப் படி" என்றார்.

விண்ணப்பம் போட்டுவிட்டேன்.

எல்லா வீட்டிலும் இதே முடிவு வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உங்கள் வீட்டில் எட்டுக்குப் பதில் முப்பது மாதம் என்று வந்தால், வேலைக்குப் போய்க்கொண்டே தபால் வழியில் படிப்பதுதான் சரியான பதிவு. அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. ஆனால் கணக்குப் போடாமல் முடிவு எடுக்காதீர்கள். "வசதி இல்லை" என்பதும் "எப்படியாவது படிச்சுடலாம்" என்பதும் இரண்டுமே தொகை எழுதாத பதிவுகள்.

விடுமுறையில் செய்ய வேண்டியவை

மேற்படிப்பு என்று முடிவு செய்தவர்கள் ரிசல்ட் வரும் வரை சும்மா இருக்காமல் இவற்றைச் செய்யலாம். நான் ஆரம்பித்துவிட்டேன்.

ஒரு கோடு போட்ட நோட்டில் இடது பக்கம் தமிழ்க் கலைச்சொல், வலது பக்கம் ஆங்கிலச் சொல் எழுதுங்கள். ஒரு நாளைக்குப் பத்து. தமிழ் மீடியத்தில் வந்த நமக்குப் பயம் கணக்கில் இல்லை, சொல்லில்தான். பேரேடு என்றால் கை தானாக எழுதும், அதையே ஆங்கிலத்தில் கேட்டால் முழிக்கிறோம்.

பங்குச் சந்தையில் உள்ள ஏதாவது ஒரு கம்பெனியின் ஆண்டறிக்கையை எடுங்கள். அந்தந்தக் கம்பெனியின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். படம் போட்ட பக்கங்களை விட்டுவிட்டு, முதலில் தணிக்கையாளர் அறிக்கை, அடுத்து இருப்பு நிலைக் குறிப்பு, அதற்கடுத்து பின்னால் வரும் குறிப்புகள் என்று படியுங்கள். முதல் தடவை ஒன்றும் புரியாது. மூன்றாம் தடவை நாலு வரி புரியும்.

சி.ஏ. நிறுவனத்தின் பாடப் புத்தகங்களை அவர்கள் தளத்திலேயே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். சேராவிட்டாலும் படிக்கலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். மத்திய அரசின் சுயம் தளத்திலும் கணக்கியல் வகுப்புகள் உண்டு.

கடைசியாக, தெருமுனை மளிகைக் கடையோ, டீக்கடையோ, உங்கள் வீடோ, ஒரே ஒரு மாதக் கணக்கை இரட்டைப்பதிவில் எழுதி இருப்பாய்வு எடுங்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. எனக்கு இந்த மூன்று வருடமும் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வந்தது. அது எங்கே போனது என்று எழுதிப் பார்த்ததுதான் நான் தானாக எழுதிய முதல் ரொக்க ஏடு. பஸ்ஸுக்குப் போனது கொஞ்சம், நோட்டுக்குப் போனது கொஞ்சம். பாதிக்கு மேல் அரிசிக்கு.

முடிவாக

மேலே சொன்ன பயிற்சிச் செலவு உதாரணத்துக்கு மறுபடி வருகிறேன். தொழிலாளியின் திறமையை முதலாளி தன் புத்தகத்தில் சொத்தாகக் காட்ட முடியாது, காரணம் அது அவர் கட்டுப்பாட்டில் இல்லை என்று தரநிலை சொல்கிறது. முதலாளி பக்கம் இருந்து பார்த்தால் அது ஒரு குறை. எங்கள் வீட்டுப் பக்கம் இருந்து பார்த்தேன். அப்பாவின் கூலியில் பிடிக்க முடிகிறது. அவர் எந்தப் பட்டறையில் நிற்க வேண்டும் என்று ஒரு நோட்டு சொல்ல முடிகிறது. ஆனால் நான் படித்ததில் யாரும் ஒரு ரூபாய் பிடிக்க முடியாது, யார் நோட்டிலும் அதை எழுத முடியாது. நான் எங்கே போனாலும் அது கூடவே வரும்.

அப்பாவின் நோட்டை இப்போது மாதம் ஒரு முறை நான்தான் பார்க்கிறேன். பக்கத்துத் தறிக்காரர்கள் மூன்று பேரும் தங்கள் நோட்டைக் கொடுத்தனுப்பியிருக்கிறார்கள். ஒன்றில் தவறு எதுவும் இல்லை. ஒன்றில் 600 ரூபாய் தொழிலாளி பக்கமே அதிகமாக வந்திருந்தது, அதையும் சொல்லித் திருத்தச் சொன்னேன். கணக்கு என்றால் இரண்டு பக்கமும்தானே! மூன்றாவதை இன்னும் பார்க்கவில்லை. செமஸ்டர் பரீட்சை முடிந்ததும் பார்க்க வேண்டும்.

உங்கள் வீட்டிலும் ஒரு நோட்டு இருக்கும். சீட்டு நோட்டோ, நகைக்கடன் ரசீதோ, பால் சொசைட்டி அட்டையோ. இந்த மலரை மூடி வைத்ததும் அதை ஒரு தடவை எடுத்துக் கூட்டிப் பாருங்கள். மேற்படிப்புக்கு அதைவிட நல்ல நுழைவுத் தேர்வு இல்லை.



– மூன்றாம் ஆண்டு மாணவி, மாடர்ன் ஆபீஸ் பிராக்டிஸ் பிரிவு